எல்லோருக்கும் ஒரே ஐபி: 10.0.2.15 எங்கிருந்து வந்தது?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சுவாக்கில் வந்த சில இடங்களை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு எண்ணோட வரலாறு. ஒரே ஒரு ஐபி முகவரி. உங்களில் பாதிப் பேர் லேப்டாப்பில் அது இப்பவும் எங்கேயோ உட்கார்ந்திருக்கும். எனக்கு அது அறிமுகமான ராத்திரியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பொறியியல் கடைசி வருஷம். மறுநாள் காலை 10 மணிக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ. ராத்திரி 11 மணிக்கு ஹாஸ்டல் ரூமில் நானும் என் ரூம்மேட்டும் மட்டும். என் லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் உபுண்டு, அதில் வெப் சர்வர். அவன் லேப்டாப்பிலும் விர்ச்சுவல்பாக்ஸ்தான். ஆனால் உள்ளே ஃப்ரீபிஎஸ்டி, அதில் டேட்டாபேஸ். இரண்டும் தனித்தனியாக அருமையாக ஓடியது. கடைசி வேலையாக இரண்டையும் பேச வைக்க வேண்டும்.

"உன் ஐபி சொல்லு மச்சி."

"10.0.2.15."

"டேய், அது என் ஐபிடா!"

அவன் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினான். அதே எண். என் ஸ்கிரீனிலும் அதே எண். ஐபி மோதல் என்று நினைத்து ரௌட்டரை அணைத்துப் போட்டோம். மறுபடி 10.0.2.15. அவன் மெஷினை அழித்துப் புதிதாக நிறுவினான். மறுபடி 10.0.2.15. மணி 2 ஆனபோது எதிர் ரூம் சீனியர் அண்ணன் தண்ணி குடிக்க எழுந்து வந்தார். கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "தம்பி, அது உன் ஐபியும் இல்ல, அவன் ஐபியும் இல்ல. உலகத்துல எல்லாரோட ஐபியும் அதுதான்." சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

காலையில் இரண்டு மெஷினையும் ஒரே லேப்டாப்பில் திணித்து ஓட்டினோம். அது மூச்சுத்திணறி, டெமோ பாதியில் நின்றது. மார்க்கும் அப்படித்தான் வந்தது. அது போகட்டும். அண்ணன் சொன்ன அந்த வரி மட்டும் மண்டையில் தங்கிவிட்டது. ஏன் எல்லோருக்கும் அதே எண்? அதை யார் தேர்ந்தெடுத்தார்கள்?

தேடிப் போனால் விடை விர்ச்சுவல் மெஷினில் இல்லை. 1990களில், காசு குறைவாக இருந்தவர்கள் போன் வயர் வழியாக இன்டர்நெட்டுக்குள் நுழையச் செய்த ஒரு தந்திரத்தில் இருந்தது.

பொய் சொல்லும் கார்டு

முதலில் இரண்டு வார்த்தை. உங்கள் நிஜ லேப்டாப் ஹோஸ்ட், அதாவது வீட்டுக்காரர். அதற்குள் ஓடும் பொய்க் கணினி கெஸ்ட், அதாவது விருந்தாளி. இந்த விருந்தாளிக்குத் தான் விருந்தாளி என்றே தெரியக் கூடாது. தனி வீட்டில் இருக்கிறோம் என்றே அது நினைக்க வேண்டும்.

இந்த யோசனை பழசு. ஐபிஎம் தன் மெயின்ஃப்ரேம்களுக்கு விஎம்/370 என்ற மென்பொருளை 1972-லேயே அறிவித்துவிட்டது. சாதாரண பிசிக்கு இது பரவலாக வந்தது 1999-இல், விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனோடு. அங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். கெஸ்ட் தன் நெட்வொர்க் கார்டைத் தேடும்போது அங்கே ஏதாவது ஒரு கார்டு இருப்பதுபோலக் காட்ட வேண்டும். எந்தக் கார்டு?

புதிதாக ஒன்றைக் கற்பனை செய்தால் அதற்கு டிரைவர் எழுத வேண்டும். விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று, ஃப்ரீபிஎஸ்டிக்கு ஒன்று. அதற்குப் பதிலாக, எல்லா இயங்குதளத்திலும் ஏற்கெனவே டிரைவர் இருக்கும் ஒரு பழைய கார்டாக நடித்துவிட்டால்? விஎம்வேர் ஆட்கள் அதைத்தான் செய்தார்கள். 2001-இல் யூஸ்நிக்ஸ் மாநாட்டில் அவர்கள் கொடுத்த கட்டுரையே இதை விவரிக்கிறது: கெஸ்டுக்குத் தெரிவது ஏஎம்டியின் லான்ஸ் வகை ஈதர்நெட் கார்டு.

விர்ச்சுவல்பாக்ஸில் அடாப்டர் வகையைத் திறந்து பாருங்க. பிசிநெட் என்று ஆரம்பிக்கும் பெயர்கள் இருக்கும். அது அந்த ஏஎம்டி குடும்பம். அடுத்து இன்டெல் ப்ரோ/1000, அதில் 82540இஎம் என்ற சிப். கியூஎமுவில் என்இ2000 கூட உண்டு. அது நாவெல் நிறுவனம் 1980களில் கொண்டுவந்த கார்டு. மலிவாக இருந்ததால் பல கம்பெனிகள் நகல் எடுத்து, உலகம் முழுக்கப் பரவியது.

யூனிக்ஸ் பக்கம் இந்தக் கார்டுகளுக்கெல்லாம் டிரைவர் தானாக வந்துவிடவில்லை. லினக்ஸின் ஆரம்ப வருஷங்களில் ஈதர்நெட் டிரைவர்களில் பெரும்பங்கை எழுதியவர் டொனால்ட் பெக்கர். நாசாவின் காடார்ட் மையத்தில் வேலை பார்த்தவர். மலிவான பிசிக்களைக் கட்டி ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் போல ஓட்டிய பெவுல்ஃப் திட்டத்தில் 1994-இல் இருந்தவர்களில் ஒருவர். அந்த மாதிரி ஆட்கள் எழுதிய டிரைவர்களை நம்பித்தான் நாம் இன்றைக்கும் ஒரு பொய்க் கார்டைத் தேர்வு செய்கிறோம். நிஜக் கார்டு குப்பைக்குப் போய் வருஷக்கணக்கு ஆகிறது. அதன் வேஷம் மட்டும் இன்னும் வேலை பார்க்கிறது.

சரி, கார்டு கிடைத்துவிட்டது. ஆனால் கார்டின் பின்னால் இருக்கும் வயரை எங்கே செருகுவது? இங்கேதான் 10.0.2.15 வருகிறது.

போன் வயரின் மறுமுனை

1990களின் நடுவில் இன்டர்நெட் வேண்டுமென்றால் மோடம், போன் லைன், அப்புறம் ஒரு அக்கவுண்ட். அக்கவுண்டில் இரண்டு ஜாதி.

ஒன்று ஷெல் அக்கவுண்ட். நீங்க டயல் செய்தால், எங்கேயோ இருக்கும் ஒரு யூனிக்ஸ் சர்வருக்குள் நுழைவீர்கள். கறுப்புத் திரை, எழுத்து மட்டும். மெயில் படிக்கலாம், லின்க்ஸ் என்ற பிரவுசரில் படம் இல்லாமல் இணையப் பக்கம் பார்க்கலாம். இன்டர்நெட்டில் இருப்பது அந்த சர்வர்தான். உங்கள் பிசி வெறும் டைப்ரைட்டர்.

இன்னொன்று ஸ்லிப் அல்லது பிபிபி அக்கவுண்ட். இதில் உங்கள் பிசிக்கே ஒரு ஐபி முகவரி. நெட்ஸ்கேப் ஓடும், படம் வரும். விலையும் அதற்கேற்ற மாதிரி.

இது நமக்கும் பழக்கமான கதைதான். விதேஷ் சஞ்சார் நிகம், அதாவது விஎஸ்என்எல், 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கான இன்டர்நெட் சேவையைத் தொடங்கியபோது, அப்போது மெட்ராஸ் என்றிருந்த நம்ம ஊரும் முதல் நகரங்களில் ஒன்று. அங்கேயும் இதே பிரிவினை: மாணவர்களுக்கு எழுத்து மட்டும் காட்டும் மலிவான ஷெல், பணம் உள்ளவர்களுக்கு படம் காட்டும் டிசிபி/ஐபி அக்கவுண்ட். உங்க அப்பாவோ சித்தப்பாவோ அந்தக் காலத்தில் மோடம் வைத்திருந்திருந்தால் கேட்டுப் பாருங்க, அந்தக் கறுப்புத் திரையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்.

இப்போ யோசிங்க. ஷெல் அக்கவுண்ட் வைத்திருப்பவர் கையில் என்ன இருக்கிறது? யூனிக்ஸ் சர்வரில் ஒரு சாதாரணப் பயனர் உரிமை. ரூட் கிடையாது. அட்மினிடம் கேட்டால் கிடைக்காது. ஆனால் புரோகிராம் ஓட்டலாம். அந்த புரோகிராம், எந்தப் பயனர் புரோகிராமும் செய்வதுபோல, வெளியே இணைப்புகள் திறக்கலாம்.

இதை வைத்து முதலில் ஒரு விற்பனைப் பொருளே வந்தது. பெயரைக் கேளுங்க: தி இன்டர்நெட் அடாப்டர். சுருக்கமாக டிஐஏ. ஷெல்லுக்குள் அதை ஓட்டினால், அது ஸ்லிப் அக்கவுண்ட் போல நடிக்கும். பிறகு ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் டேனி காஸ்பரோவ்ஸ்கி என்பவர் அதே வேலையைச் செய்யும் ஒரு மென்பொருளை எழுதி, மூலநிரலோடு இலவசமாக வெளியிட்டார். காப்புரிமை வரியில் ஆண்டு 1995. பெயர் ஸ்லர்ப். உறிஞ்சிக் குடிக்கும் சத்தம்!

அது எப்படி வேலை செய்தது என்று கொஞ்சம் நின்று பார்க்கலாம். இந்த எபிசோடின் மையமே இதுதான்.

உங்கள் பிசி, தனக்கு நிஜமான இன்டர்நெட் இணைப்பு இருப்பதாக நினைத்து, ஒரு டிசிபி பாக்கெட்டை போன் வயரில் அனுப்புகிறது. மறுமுனையில் ஸ்லர்ப் அதை வாங்குகிறது. அதை அப்படியே வெளியே அனுப்ப அதற்கு உரிமை இல்லை. அந்த மாதிரி கச்சாப் பாக்கெட் அனுப்ப ரூட் வேண்டும். அதனால் கவரைப் பிரிக்கிறது. "ஓ, இவன் இந்த சர்வரின் 80-ஆம் போர்ட்டுக்குப் போகணும்." உடனே தானே, தன் சொந்தப் பெயரில், அந்த சர்வருக்கு ஒரு சாதாரண இணைப்பைத் திறக்கிறது. உள்ளே இருந்த தகவலை மட்டும் எடுத்து அதில் ஊற்றுகிறது. பதில் வந்தால் புதுக் கவரில் போட்டு, அந்த தூரத்து சர்வரே அனுப்பியதுபோல முகவரி எழுதி, போன் வயரில் உங்களுக்கு அனுப்புகிறது. பிசிக்கு ஒன்றும் தெரியாது. சர்வருக்கும் தெரியாது. நடுவில் ஒரு புரோகிராம் இரண்டு பக்கமும் நடித்துக்கொண்டிருக்கிறது.

அப்படி நடிக்க அதற்குள்ளேயே ஒரு முழு டிசிபி அமைப்பு வேண்டும். அதை அவர் புதிதாக எழுதவில்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் உருவான பிஎஸ்டி யூனிக்ஸின் டிசிபி நிரலை எடுத்து, கெர்னலுக்கு வெளியே ஓடும்படி மாற்றினார். அந்தக் கோப்புகளின் தலைப்பில் பெர்க்லியின் காப்புரிமை 1982-இலிருந்து ஆரம்பிக்கும்.

மீதி இருப்பது ஒரே கேள்வி: உங்கள் பிசிக்கு என்ன முகவரி கொடுப்பது? வெளியே யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை. அதனால் என்னவாகவும் இருக்கலாம். 10 என்று ஆரம்பிக்கும் முகவரிகள் ஒரு காலத்தில் ஆர்பாநெட்டுக்கே உரியவை. 1990-இல் ஆர்பாநெட் மூடப்பட்டபின் அவை காலியாகி, 1994-இலிருந்து யார் வேண்டுமானாலும் தன் உள்வீட்டில் பயன்படுத்தலாம் என்று ஒதுக்கப்பட்டன. ஸ்லர்ப் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டது. பிசிக்கு 10.0.2.15. ஹோஸ்டுக்கு 10.0.2.2. டிஎன்எஸுக்கு 10.0.2.3. விண்டோஸ் 3.1-இல் ட்ரம்பெட் வின்சாக் என்ற மென்பொருளைத் திறந்து இந்த எண்ணைத் தட்டினால் நெட்ஸ்கேப் ஓடும். எத்தனை பேர் தட்டினாலும் எல்லோருக்கும் அதே எண்தான். மோதலே வராது. ஒவ்வொருவரும் தன் சொந்த ஸ்லர்ப்போடு மட்டும்தான் பேசுகிறார்.

சீனியர் அண்ணன் சொன்னது இப்போ புரியுதா?

வயரை எடுத்துவிட்டால்

சில வருஷங்களில் மலிவான பிபிபி இணைப்பு எல்லோருக்கும் கிடைத்தது. ஷெல் அக்கவுண்ட் காலம் முடிந்தது. ஸ்லர்ப்புக்கும் வேலை இல்லாமல் போயிருக்க வேண்டும்.

ஆனால் 2003-இல் பிரான்ஸில் ஃபாப்ரிஸ் பெல்லார் கியூஎமுவை வெளியிட்டார். ஒரு கணினியையே மென்பொருளில் நடிக்க வைக்கும் புரோகிராம். அவருக்கும் அதே கேள்வி வந்தது: கெஸ்டின் வயரை எங்கே செருகுவது? லினக்ஸில் ஒரு பொய் இடைமுகம் உருவாக்கி இணைக்கலாம். ஆனால் அதற்கு ரூட் வேண்டும். கியூஎமுவை யாரும் தன் சாதாரண அக்கவுண்டில் ஓட்ட முடியணும்.

ரூட் இல்லாத ஒரு புரோகிராம், இன்னொரு கணினிக்கு இன்டர்நெட் கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கை ஏற்கெனவே ஒருவர் போட்டுவிட்டார், இல்லையா? ஒரு முனையில் நிஜ பிசிக்குப் பதில் விர்ச்சுவல் மெஷின். மறுமுனையில் யூனிக்ஸ் சர்வருக்குப் பதில் உங்கள் லேப்டாப். நடுவில் இருந்த போன் வயரை எடுத்துவிடுங்க. மீதி எல்லாம் அப்படியே. 2004-இல் ஸ்லர்ப் கியூஎமுவுக்குள் வந்தது. 2007-இல் இன்னோடெக் என்ற ஜெர்மன் நிறுவனம் விர்ச்சுவல்பாக்ஸைத் திறந்த மூலநிரலாக வெளியிட்டது. அதன் நாட் என்ற இயல்பு முறைக்கும் அடிப்படை ஸ்லர்ப்தான். அதன் மூலம் 10.0.2.15 உலகத்தின் எல்லா ஹாஸ்டல் ரூமுக்கும் வந்து சேர்ந்தது. இரண்டாவதாக ஒரு நாட் அடாப்டர் சேர்த்துப் பாருங்க, அதற்கு 10.0.3.15 கிடைக்கும். பழக்கம் விடவில்லை.

இந்த வரலாறு தெரிந்தால், புதிதாக வருபவர்கள் முட்டிக்கொள்ளும் மூன்று இடங்கள் தானாகவே புரிந்துவிடும்.

முதலாவது, பிங். கியூஎமு கெஸ்டுக்குள் உட்கார்ந்து வெளியே ஒரு முகவரியை பிங் செய்தால் ரொம்ப காலம் பதிலே வராது. ஆனால் பிரவுசர் ஓடும். "நெட் வேலை செய்யல" என்று அமைப்பையெல்லாம் கலைத்துப் போட்டவர்கள் எத்தனை பேர்! நான் உட்பட. காரணம் எளிது. பிங் போக ஐசிஎம்பி பாக்கெட் வேண்டும். யூனிக்ஸில் அதை அனுப்புவது ரூட்டின் உரிமை. ஸ்லர்ப்புக்கு அது 1995-இலும் இல்லை, அதன் பேரப்பிள்ளைக்கும் இல்லை. 2011-இல் லினக்ஸ் 3.0-இல்தான் சாதாரணப் பயனரும் பிங் அனுப்ப ஒரு கதவு வந்தது. அதையும் அட்மின் திறந்து வைத்திருந்தால்தான்.

இரண்டாவது, உள்ளே வரும் இணைப்பு. ஸ்லர்ப் கட்டப்பட்டது வெளியே போக மட்டும். வெளியிலிருந்து உங்கள் கெஸ்டைக் கூப்பிட யாருக்கும் வழி இல்லை, நீங்களே ஒரு போர்ட்டைத் திறந்து சுட்டிக்காட்டாத வரை. அதற்குத்தான் போர்ட் ஃபார்வர்டிங். எல்லா டுடோரியலிலும் ஹோஸ்டின் 2222 என்ற போர்ட்டிலிருந்து கெஸ்டின் 22-க்கு என்று போடச் சொல்வார்கள். ஏன் 2222? யூனிக்ஸில் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டைப் பிடிக்க ரூட் வேண்டும். மறுபடி அதே கதை.

எங்கள் ப்ராஜெக்டுக்கும் இதுதான் விடை. ரூம்மேட்டின் டேட்டாபேஸ் போர்ட்டுக்கு அவன் லேப்டாப்பில் ஒரே ஒரு ஃபார்வர்டிங் விதி. பிறகு என் கெஸ்டிலிருந்து 10.0.2.15-ஐ இல்லாமல், அவன் லேப்டாப்புக்கு ஹாஸ்டல் வைஃபை கொடுத்த முகவரியைக் கூப்பிட்டிருக்க வேண்டும். 5 நிமிஷ வேலை. 4 மணி நேரம் ரௌட்டரை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது, "ஏன் பிரிட்ஜ் போடக்கூடாது?" என்ற கேள்வி. போடலாம். பிரிட்ஜ் முறையில் கெஸ்ட், அந்த நெட்வொர்க்கில் தனி ஆளாக, தன் சொந்த முகவரியோடு வெளியே நிற்கும். வீட்டில் அருமையாக ஓடும். ஆனால் அதற்கு ஹோஸ்டில் அட்மின் உரிமையோடு ஒரு டிரைவர் நிறுவியிருக்க வேண்டும். நெட்வொர்க்கும் தெரியாத ஆளை உள்ளே விட வேண்டும். ஆபீஸிலும் கல்லூரியிலும் பதிவு செய்யாத கணினியை விட மாட்டார்கள். வைஃபை அதற்கு மேல்: லேப்டாப்பின் சொந்த மேக் முகவரியோடு வந்தால்தான் அக்செஸ் பாயின்ட் பேசும், அதனால் விர்ச்சுவல்பாக்ஸ் அங்கேயும் முகவரியை மாற்றி எழுதி நடிக்கிறது. பிரிட்ஜ் அனுமதி உள்ளவர்களின் வழி. நாட் அனுமதி இல்லாதவர்களின் வழி. இரண்டும் பிறந்த இடமே வேறு.

பெயர்க் குழப்பம்

கெஸ்டுக்குள் போனால் இன்னொரு தலைவலி, கார்டின் பெயர். இதிலும் வரலாறு உண்டு.

ஃப்ரீபிஎஸ்டியில் கார்டுக்கு டிரைவரின் பெயர்தான். இன்டெல் கார்டு என்றால் இஎம்0. விர்ட்டியோ என்றால் விடிநெட்0. அடாப்டர் வகையை செட்டிங்ஸில் மாற்றிவிட்டு மெஷினைத் திறந்தால் நெட் போயிருக்கும். ஆர்சி.கான்ஃப் கோப்பில் இஎம்0 என்று எழுதி வைத்திருப்பீர்கள், இஎம்0 என்று இப்போது யாரும் இல்லை. பெயரை மாற்றினால் சரி.

லினக்ஸில் முன்பு எல்லாமே ஈத்0, ஈத்1. எந்த கார்டு முதலில் விழிக்கிறதோ அது ஈத்0. பெயர் மாறாமல் இருக்க, எந்த மேக் முகவரிக்கு எந்தப் பெயர் என்று ஒரு கோப்பில் எழுதி வைக்கும் வழக்கம் வந்தது. அது விர்ச்சுவல் மெஷினுக்கு ஒத்துவரவில்லை. மெஷினை நகல் எடுத்தால் புது மேக் முகவரி. "ஈத்0 பழைய ஆளுக்குப் போயாச்சு, நீ ஈத்1" என்று லினக்ஸ் சொல்லும். அமைப்புக் கோப்பில் ஈத்0. நெட் இல்லை. அந்த நாள் அட்மின்கள் எல்லோரும் இந்தப் பள்ளத்தில் ஒரு தடவையாவது விழுந்திருப்பார்கள்.

2013 ஜனவரியில் சிஸ்டம்டி 197 வந்தபோது, கார்டு எந்த இடத்தில் செருகப்பட்டிருக்கிறதோ அதையே பெயராக வைத்தார்கள். விர்ச்சுவல்பாக்ஸில் நீங்க பார்க்கும் இஎன்பி0எஸ்3 என்ற அந்த அசிங்கமான பெயர் அதுதான்: ஈதர்நெட், பிசிஐ பஸ் 0, ஸ்லாட் 3. இல்லாத மதர்போர்டில் இல்லாத ஸ்லாட்டில் செருகப்பட்ட இல்லாத கார்டின் நிரந்தர முகவரி. இப்போது நகல் எடுத்தாலும் பெயர் மாறாது.

இவ்வளவு வேஷம் எதற்கு, நேராகவே சொல்லிவிடலாமே என்று ஒருவர் நினைத்தார். ரஸ்டி ரஸ்ஸல், இவரும் ஆஸ்திரேலியர்தான். லினக்ஸின் ஐபிடேபிள்ஸும் அவர் வேலை. அவர் உருவாக்கிய விர்ட்டியோ 2008 ஜனவரியில் லினக்ஸ் 2.6.24-இல் வந்தது. அதன் அடிப்படை நேர்மை: "நான் நிஜக் கார்டு இல்லை. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நடிப்பை விடு." பழைய கார்டாக நடிக்கும்போது, கெஸ்ட் கார்டின் ரெஜிஸ்டரைத் தொடும் ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் நிறுத்தி ஹோஸ்ட் உள்ளே வர வேண்டும். விர்ட்டியோவில் இருவரும் ஒரு பொது நினைவகப் பகுதியில் பாக்கெட்டுகளை வரிசையாக வைத்து, ஒரு தட்டு தட்டினால் போதும். கெஸ்ட் லினக்ஸோ ஃப்ரீபிஎஸ்டியோ என்றால், எனக்குக் கேட்டால், இதைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

பழைய நிரலின் விலை

இதுவரை பாராட்டியாச்சு. இப்போ கணக்கின் இன்னொரு பக்கம்.

விர்ச்சுவல் மெஷினை நாம் நம்புவதே, உள்ளே என்ன நடந்தாலும் வெளியே வராது என்றுதான். சந்தேகமான மென்பொருளை அதற்குள் ஓட்டுகிறோம். கிளவுட் கம்பெனிகள் ஒரே கணினியில் அறிமுகம் இல்லாத வாடிக்கையாளர்களை அடுத்தடுத்த மெஷினில் வைக்கிறார்கள். நடுவில் இருக்கும் சுவரில் ஒரு கதவு, நெட்வொர்க் அடாப்டர். அந்தக் கதவைச் செய்தது 1980களின், 1990களின் மரம்.

2015-இல் கியூஎமுவின் பிசிநெட் கார்டு நடிப்பில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. 2018 நவம்பரில் விர்ச்சுவல்பாக்ஸின் இன்டெல் கார்டு நடிப்பில் இன்னொன்று வெளியானது. சாதாரண இயல்பு அமைப்பு, அதாவது இன்டெல் கார்டும் நாட் முறையும் இருந்தாலே, கெஸ்டிலிருந்து ஹோஸ்டுக்குள் வர முடியும் என்று அதைக் கண்டவர் விளக்கிக் காட்டினார். 2019-இல் ஸ்லர்ப்பிலேயே இரண்டு. அதில் ஒன்று இருந்த இடம்தான் எனக்கு மறக்காது: ஐடென்ட் என்ற பழைய நெறிமுறையைக் கையாளும் பகுதி. டயலப் காலத்தில் இணைய அரட்டை சர்வர்கள் "யார் நீ" என்று கேட்கப் பயன்படுத்திய விஷயம். இன்று அதை யாரும் தேடுவதில்லை. ஆனால் நிரல் அங்கேயே இருந்தது, திறந்த ஜன்னலோடு. இவை எல்லாம் சரிசெய்யப்பட்டுவிட்டன. அதனால் அப்டேட் என்று கேட்டால் தள்ளிப்போடாதீங்க. தேவையில்லாத அடாப்டரைக் கழற்றி வையுங்க. சந்தேகமான எதையாவது ஓட்டும்போது நெட்வொர்க்கே இல்லாமல் ஓட்டுங்க.

இந்த ஓட்டைகளுக்காக 1995-இல் எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அன்றைக்கு அந்தப் பக்கம் இருந்தது உங்கள் சொந்த பிசி. உங்களை நீங்களே தாக்க மாட்டீர்கள். அதே நிரலைத் தூக்கி வந்து, தெரியாத ஆளை அந்தப் பக்கம் உட்கார வைத்தது நாம்.

இப்போ

கதை முடிந்துவிட்டதா என்றால், இல்லை. ரூட் இல்லாமல் கன்டெய்னர் ஓட்ட வேண்டும் என்ற தேவை வந்தபோது, ஸ்லர்ப்4நெட்என்எஸ் என்ற மென்பொருள் வந்தது. பெயரிலேயே தாத்தா இருக்கிறார். அதில் கன்டெய்னருக்குக் கிடைக்கும் முகவரி 10.0.2.100. பாட்மன் ரொம்ப நாள் ரூட் இல்லாத கன்டெய்னருக்கு அதைத்தான் நம்பியிருந்தது. 2024-இல் பாட்மன் 5.0-இல்தான் பாஸ்தா என்ற புது மென்பொருளை இயல்பாக்கினார்கள். அது ஹோஸ்டின் முகவரியையே உள்ளே நகல் எடுக்கிறது. அங்கே 10.0.2 காணாமல் போகிறது. விர்ச்சுவல்பாக்ஸிலும் கியூஎமுவிலும் இன்னும் இருக்கிறது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது ஒன்றுதான். நம்ம மெஷினில் "டிஃபால்ட்" என்று வந்து நிற்பதெல்லாம் யாரோ ஒருவர் ரொம்ப யோசித்துச் சிறந்ததாகத் தேர்ந்தெடுத்தது என்று நினைத்துக்கொள்வேன். 10.0.2.15 அப்படி வரவில்லை. அட்மினிடம் அனுமதி கேட்க முடியாத, மாசம் கூடுதல் காசு கொடுக்க முடியாத ஒரு கூட்டத்துக்காகச் செய்த ஏற்பாடு அது. யாரிடமும் கேட்காமல் எங்கேயும் ஓடும், அதனால்தான் நிலைத்தது. பிங் போகாது, வெளியாள் உள்ளே வர முடியாது என்ற அதன் குறைகளும் அதே இடத்திலிருந்துதான் வந்தன.

அந்த ரிவ்யூ முடிந்து சில வருஷம் கழித்து ரூம்மேட்டுக்குப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். முழுசாகக் கேட்டான். "அப்போ அன்னைக்கு ரௌட்டர் மேல தப்பு இல்லையா?" என்றான். இல்லை மச்சி. ரௌட்டருக்கு நாம யார்னே தெரியாது.

இன்னைக்கு ராத்திரி உங்க மெஷினைத் திறந்து முகவரியைப் பாருங்க. அதே எண் வந்தால் கமென்ட்ல சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.